தென்பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும்

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவன மன்னர்களின் பெயர்களும் போர்க்களங்களும் கோட்டை கொத்தளங்களுமே. ஆனால் ஒரு நகரம் எவ்வாறு வளர்ந்தது, ஏன் இந்தத் திசையில் வளர்ந்தது, ஏன் அந்தத் திசையில் வளரவில்லை என்று கேட்கத் தொடங்கினால், அரண்மனைகள் நமக்கு விடை சொல்லமாட்டா. சாலைகளும் பாலங்களும் தண்டவாளங்களுமே விடை சொல்லும். சென்னை மாநகரின் தென்வாயிலாக விளங்கும் பெருஞ்சாலையையும், அதனை ஒட்டி ஓடும் இருப்புப்பாதையையும், அச்சாலைமீதே இப்பொழுது திட்டமிடப்பட்டுள்ள புதிய நகர ரயிலையும் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் சாலையைப் பார்ப்போம். புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து தெற்கே செல்வோர்க்கு நெடுங்காலம் தடையாக இருந்தது அடையாறு. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பரங்கிமலைக்குச் செல்லும் வழி அடைபட்டுவிடும். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையருகே தம் சொந்தச் செலவில் ஒரு பாலம் கட்டினார். அதனைப் பராமரிப்பதற்கென நிதியும் ஒதுக்கினார். மர்மலாங் பாலம் என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். மாம்பலம் என்னும் ஊர்ப்பெயரே அவர்கள் வாயில் அவ்வாறு திரிந்தது. இன்று அவ்விடத்தில் நிற்கும் புதிய பாலம் மறைமலையடிகள் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு வணிகரின் கொடை, ஒரு நகரத்தின் தெற்குக் கதவைத் திறந்துவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது. அப்பாலத்தைக் கடந்து பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம், செங்கற்பட்டு வழியாகத் திருச்சிராப்பள்ளியை நோக்கிச் சென்ற பாதையே பின்னர்ப் ‘பெருந்தென்பகுதி நெடுஞ்சாலை’ எனப் பெயர் பெற்றது. மக்கள் வழக்கில் அது ஜி.எஸ்.டி. சாலை.

அடுத்து வந்தது இருப்புப்பாதை. தென்னாட்டின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கி, அதாவது மேற்கு நோக்கிப் புறப்பட்டது. தெற்கு நோக்கிய பாதை 1870-களில்தான் அமைந்தது. தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனி இதனை மீட்டர் அகலப் பாதையாக அமைத்தது. இங்கு மாணவர்கள் நிலப்படத்தை விரித்துப் பார்த்தல் நலம். தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரையில் சாலையும் தண்டவாளமும் உடன்பிறந்தார்போல் அருகருகே வருகின்றன. சைதாப்பேட்டைக்கு வடக்கே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சாலை மவுண்ட் ரோடாக, இன்றைய அண்ணா சாலையாக, நேரே கோட்டையை நோக்கிச் செல்கிறது. ரயில் பாதையோ மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு வழியாக எழும்பூரை அடைகிறது. அக்காலத்தில் இவ்வூர்கள் பெரும்பாலும் வயலும் தோப்பும் ஏரியுமாக இருந்தவை. இந்தப் பிரிவுதான் பிற்காலச் சென்னையின் உருவத்தைப் பெரிதும் தீர்மானித்தது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தின் நிலை என்ன? 1921-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சென்னையின் மக்கள்தொகை ஏறக்குறைய 5,27,000. பத்தே ஆண்டுகளில் அது 6,47,000 ஆயிற்று. வேலை கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் ஜார்ஜ் டவுனிலும் துறைமுகத்தையொட்டியும் இருந்தன. 1895 முதல் ஓடிய மின்சார டிராம் வண்டிகள் நகரத்தின் எல்லைக்குள் உதவினவேயன்றி, தொலைவான ஊர்களை எட்டவில்லை. எனவே வேலைக்கருகிலேயே வீடு தேடவேண்டிய நிலை. அதனால் ஒண்டுக்குடித்தனங்களும் நெருக்கமும் நோயும் பெருகின. இந்நெருக்கடியைத் தீர்க்கவே 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மாம்பலத்துப் பெரிய ஏரியின் பகுதி தூர்க்கப்பட்டு, 1923-க்கும் 1925-க்கும் இடையில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியது. ஆனால் வீட்டுமனை மட்டும் இருந்தால் போதுமா? அங்கே குடியேறுபவர் நாள்தோறும் கோட்டைக்கும் கடற்கரைக்கும் எவ்வாறு சென்று திரும்புவார்?

இக்கேள்விக்கு விடையாகவே கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான புறநகர் மின்சார ரயில் திட்டம் 1920-களில் உருப்பெற்றது. ஏன் மின்சாரம்? நீராவி எஞ்சின் மெல்ல வேகம் பிடிப்பது. நிலையத்துக்கு நிலையம் இடைவெளி சிறிதாக உள்ள இடத்தில், அது வேகம் பிடிப்பதற்குள் நிறுத்தவேண்டிய நேரம் வந்துவிடும். பயண முடிவில் எஞ்சினைக் கழற்றித் திருப்பி மறுமுனையில் மாட்டவேண்டும். நீரும் நிலக்கரியும் ஏற்றவேண்டும். மின்சாரத் தொடர்வண்டியிலோ மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே பொருத்தப்பட்டுள்ளன. இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து இறங்கி மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும். வண்டி திரும்பப் புறப்பட்டுவிடும். ஆகவே அதே தண்டவாளத்தில் மிகுதியான வண்டிகளை அடுத்தடுத்து விடலாம். ரயில் சேவை என்பது தண்டவாளத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று. அடுத்த வண்டிக்கு எத்தனை நிமிடம் காத்திருக்கவேண்டும் என்பதைப் பொறுத்தது என்ற உண்மையை அன்றே உணர்ந்திருந்தனர்.

எழும்பூரிலிருந்து பூங்கா நிலையம், கோட்டை நிலையம் வழியாகக் கடற்கரை வரை மீட்டர் அகலப் பாதை அமைக்கப்பட்டது. 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம் கம்பிகளில் பாய்ந்தது. 1931 ஏப்ரல் 2-ஆம் நாள் அன்றைய ஆளுநர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி இதனைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் பயணம் செய்யலாயினர். இந்தியாவில் மீட்டர் அகலப் பாதையில் மின்சார ரயில் ஓடியது இதுவே முதன்முறையாகும்.

அதன் பயனைப் பாருங்கள். தாம்பரம் பகுதியில் டேவிட் சௌரிமுத்து என்ற மருத்துவர் 1928-இல் காசநோயாளிகளுக்கென ஒரு நலவாழ்வு இல்லம் நிறுவியிருந்தார். நல்ல காற்றைத் தேடி நகரத்திலிருந்து வெகுதூரம் தள்ளி அமைத்த அம்மருத்துவமனைக்கு, அதன் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் ஏற்பட்டது. சேம்பர்ஸ் என்பவரின் குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டை, தொழிலாளர் ஊராகவும் பின்னர் நடுத்தர மக்களின் குடியிருப்பாகவும் வளர்ந்தது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. கிண்டியில் 1958-இல் தொழிற்பேட்டை எழுந்தது. தாம்பரத்தில் 1984-இல் ஏற்றுமதிப் பொருள் உற்பத்தி மண்டலம் அமைந்தது. இவை யாவும் ஒரே கயிற்றில் கோத்த மணிகள்போல் நிற்கின்றன. அந்தக் கயிறு ரயில் பாதையே.

மாணவர்கள் இதில் குறிப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. 1931-இல் ரயில் முதலில் வந்தது. மக்கள் பின்னால் வந்தனர். ரயில் நிலையமே ஊரின் நடுவிடமாயிற்று. நிலையத்தின் வாயிலிலிருந்து கடைத்தெரு பிறந்தது. கடைத்தெருவைச் சுற்றிக் குடியிருப்பு விரிந்தது. மாம்பலம் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழையும் எவரும் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காணலாம். குறைந்த கட்டணத்தில் மாதச் சீட்டு வாங்கிக்கொண்டு பயணம் செய்த எழுத்தர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் பூக்காரப் பெண்களும் சேர்ந்து எழுப்பிய நகரமே தென்சென்னைப் புறநகர்.

ஆயினும் நன்மையோடு ஒரு தீமையும் சேர்ந்தே வந்தது. சாலையும் தண்டவாளமும் அருகருகே ஓடும்போது, அவை இரண்டும் சேர்ந்து ஊரை இரண்டாகப் பிளந்துவிடுகின்றன. கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று ஒரே ஊர் இரண்டு பெயர் பெற்றதும் இதனால்தான். ஒரு பக்கத்தில் வீடு, மறுபக்கத்தில் பள்ளி. ஒரு பக்கத்தில் சந்தை, மறுபக்கத்தில் மருத்துவமனை. கடவுப்பாதைகள் மூடிக்கிடக்கும் நேரமெல்லாம் வாழ்க்கையும் நின்று காத்திருந்தது. பொறுமையிழந்து தண்டவாளத்தைக் கடந்தவர்களில் உயிரிழந்தோர் பலர். சுரங்கப்பாதைகளும் நடைமேம்பாலங்களும் மேம்பாலங்களும் மக்கள் குடியேறிப் பல்லாண்டுகள் சென்ற பின்னரே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. திட்டம் தீட்டியவர்கள் நீளவாட்டில் செல்வோரைப் பற்றி எண்ணினார்கள். குறுக்கே செல்வோரைப் பற்றி எண்ணவில்லை. இவ்வரலாற்றின் தலையாய பாடம் இதுவென்றே நான் கருதுகிறேன்.

நிற்க. 1953 ஏப்ரலில் சென்னை டிராம் வண்டிகள் நின்றுபோயின. அன்று முதல் மவுண்ட் ரோடு பேருந்துகளை மட்டுமே நம்பியிருந்தது. 1960-களில் புறநகர் ரயில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. மீட்டர் அகலப் பாதை படிப்படியாக அகலப்பாதையாயிற்று. 2004-ஆம் ஆண்டுடன் மீட்டர் அகல மின்சார ரயில் விடைபெற்றுக்கொண்டது. இதற்கிடையில் கடற்கரையிலிருந்து பக்கிங்காம் கால்வாயை ஒட்டி ‘பறக்கும் ரயில்’ எழுந்தது. 1995-இல் சேப்பாக்கம் வரையிலும், 1997-இல் மயிலாப்பூர் வரையிலும், 2007-இல் வேளச்சேரி வரையிலும் அது நீண்டது. வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடையே எஞ்சிய சுமார் 5 கிலோமீட்டர் தூரம் நில எடுப்புத் தகராறுகளால் பத்தாண்டுகளுக்கு மேல் தடைப்பட்டுக் கிடந்தது.

பறக்கும் ரயிலைப் பற்றி இங்கே நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. கால்வாய்க்கரையில் அரசு நிலம் இருந்தது. வீடுகளை மிகுதியாக இடிக்கவேண்டியதில்லை. ஆகவே கால்வாய் வழி தெரிந்தெடுக்கப்பட்டது. நிலையங்கள் மாளிகைபோல் உயர்ந்து நின்றன. ஆனால் நிலையத்திலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குச் செல்லும் வழி பல இடங்களில் செம்மையாக அமையவில்லை. பேருந்தும் ரயிலும் ஒன்றையொன்று அறியாத அயலார்போல் இயங்கின. பல ஆண்டுகள் அந்நிலையங்கள் ஆளரவமற்று வெறிச்சோடிக் கிடந்தன. நிலம் எங்கே எளிதில் கிடைக்கிறதோ அங்கே பாதை போடுவது ஒரு முறை. மக்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே பாதை போடுவது மற்றொரு முறை. இரண்டும் ஒன்றல்ல.

மெட்ரோ ரயில் 2015 ஜூன் 29-ஆம் நாள் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் சின்னமலையிலிருந்து விமான நிலையம் வரையிலான பகுதி திறக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் அண்ணா சாலையின் அடியில் வண்ணாரப்பேட்டை வரை சுரங்க ரயில் முழுமை பெற்றது. டிராம் மறைந்து 66 ஆண்டுகளுக்குப் பின், மவுண்ட் ரோட்டுக்கு மீண்டும் தண்டவாளம் கிடைத்தது. 1870-களில் சைதாப்பேட்டைக்கு வடக்கே சாலையும் இருப்புப்பாதையும் பிரிந்ததால் விளைந்த குறை இவ்வாறு நிறைவு செய்யப்பட்டது.

ஆனால் அந்த மெட்ரோ மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. நகரமோ நிற்கவில்லை. பல்லாவரம், தாம்பரம் நகராட்சிகளும் சுற்றிலுமுள்ள பேரூர்களும் இணைக்கப்பட்டு 2021 நவம்பரில் தாம்பரம் ஒரு மாநகராட்சியாயிற்று. வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் ஏறக்குறைய 88 ஏக்கர் பரப்பில் அமைந்த புதிய பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களிலிருந்து விடியற்காலையில் வந்திறங்கும் பயணிக்கு, முன்பு நகரத்துக்குள்ளேயே இருந்த கோயம்பேட்டுக்குப் பதிலாக, நகரத்தின் தென்விளிம்பே இறங்குமிடமாயிற்று. இதனையொட்டியே, விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. சாலையின் வழியே சுமார் 15.5 கிலோமீட்டர் நீளத்தில், 13 நிலையங்களுடன் மெட்ரோவை நீட்டிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது.

நெடுஞ்சாலையின்மீது ரயில் அமைப்பதைத் திட்ட வல்லுநர்கள் ஏன் விரும்புகின்றனர்? சாலை அரசின் நிலம். நடுவே தூண் நிறுத்தினால் வீடுகளை இடிக்கவேண்டிய தேவை குறைகிறது. வளைவுகள் குறைவு, ஆகவே வண்டி விரைந்து செல்லும். சாலை என்பது ஏற்கெனவே மக்கள் போக்குவரத்து நிரூபித்த தடம். இவையெல்லாம் உண்மையே. எனினும், பிற நாடுகளின் அனுபவத்தையும் நாம் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும்.

அமெரிக்க நாட்டில் சிக்காகோ நகரத்தார் 1958 ஜூன் மாதத்தில் ஒரு புதுமை செய்தனர். நகரத்தின் மேற்குப் புறத்துக்குச் செல்லும் விரைவுச் சாலையின் நடுவிலேயே நகர ரயிலை ஓடச் செய்தனர். கட்டுமானச் செலவு மிச்சமாயிற்று. ஆனால் நிலையத்தில் நிற்கும் பயணி இருபுறமும் பாய்ந்தோடும் கார்களின் இரைச்சலிலும் புகையிலும் நிற்கவேண்டியதாயிற்று. அகன்ற சாலையைக் கடந்தாலன்றி அவர் வீட்டையோ கடையையோ அடைய இயலாது. நிலையத்தின் வாயிலில் கடைத்தெரு பிறப்பதற்கு இடமே இல்லை.

வாஷிங்டன் நகரையடுத்த ஆர்லிங்டன் வட்டாரத்தார் வேறு வழியைத் தெரிந்தெடுத்தனர். அங்கும் ரயிலை நெடுஞ்சாலையின் நடுவில் கொண்டுசெல்லும் எண்ணம் இருந்தது. பழைய கடைத்தெரு வழியாகச் சுரங்கத்தில் செல்லவேண்டும் என்று அவ்வட்டாரத்தார் வாதாடினர். அதனால் கூடும் செலவில் பங்கேற்கவும் இசைந்தனர். 1979 டிசம்பரில் பால்ஸ்டன் வரை அப்பாதை திறக்கப்பட்டது. நாளடைவில் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் வீடுகளும் அலுவலகங்களும் செறிந்தன. அதற்கு மேற்கே 1986-இல் வியன்னா வரை நீண்ட பகுதியோ நெடுஞ்சாலையின் நடுவில் செல்கிறது. அந்நிலையங்களுக்கு மக்கள் பெரும்பாலும் காரிலும் பேருந்திலும் வந்து சேரவேண்டியிருந்தது. ஒரே ரயில், ஒரே வண்டி. பாதை சென்ற இடத்தால் பயன் வேறுபட்டது.

“அப்படியானால் ஜி.எஸ்.டி. சாலையில் மெட்ரோ வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. ஏனெனில் நம் நெடுஞ்சாலை சிக்காகோவின் விரைவுச் சாலை போன்றதன்று. இங்கே கடையும் வீடும் பள்ளியும் கோயிலும் சாலையோரத்திலேயே உள்ளன. சாலையே ஊரின் தெரு. “ஏற்கெனவே புறநகர் ரயில் பக்கத்திலேயே ஓடுகிறதே, மற்றொன்று எதற்கு?” என்ற வாதத்தையும் நான் புறக்கணிக்கவில்லை. பொதுப்பணம் செலவாகும்போது அவ்வாறு கேட்பது குடிமக்களின் கடமை. அதற்கு என் விடை இது: புறநகர் ரயிலின் தண்டவாளங்களுக்கருகிலேயே தென்மாவட்ட நெடுந்தொலைவு வண்டிகளும் செல்கின்றன, விரும்பும் அளவுக்குப் புறநகர் வண்டிகளைக் கூட்ட இடம் போதாது. ஆயினும் அதன் கட்டணம் மெட்ரோவைவிட மிகக் குறைவு. நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு அதுவே துணை. எனவே புதிய ரயில் பழைய ரயிலுக்குப் போட்டியாக வருமானால் அது வீண். துணையாக வருமானால் அது வரம்.

துணையாக வரவேண்டுமானால், திட்டம் வரைபடத்தாளில் இருக்கும்போதே நாம் நான்கு கேள்விகளைக் கேட்கவேண்டும். முதலாவது, மெட்ரோ நிலையத்திலிருந்து புறநகர் ரயில் நிலையத்துக்கு வெயிலிலும் மழையிலும் நனையாமல், சாலையில் இறங்காமல் ஒரு முதியவர் நடந்து செல்ல முடியுமா? இரண்டாவது, பயணச்சீட்டு வாங்காதவரும் அந்நிலையத்தின் நடைமேம்பாலத்தைப் பயன்படுத்திச் சாலையையும் தண்டவாளத்தையும் சேர்த்தே கடக்க முடியுமா? முடியுமானால், 13 நிலையங்களும் பிளவுபட்ட ஊர்களைத் தைத்து இணைக்கும் 13 தையல்களாகும். மூன்றாவது, பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே சீட்டு உண்டா? நான்காவது, ரயில் வருவதால் நிலத்தின் விலை உயரும். அவ்வுயர்வில் ஒரு பங்கு பொதுநன்மைக்கு வருமா, அன்றி வாடகைக்குடியிருப்போர் மேலும் தொலைவுக்குத் துரத்தப்படுவதோடு முடியுமா?

இக்கேள்விகள் பொறியியலாளர்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடுவது அவர்கள் வேலை. அத்தூண் எங்கே நிற்கவேண்டும், அதனடியில் நடப்பவர் யார் என்று கேட்பது வரலாறும் பொருளாதாரமும் பயிலும் உங்கள் வேலை. ஒரு கட்டடம் தவறாக அமைந்தால் இடித்துக் கட்டலாம். ஒரு ரயில் பாதை அமைந்துவிட்டால், அதனைச் சுற்றி ஊர் வளர்ந்துவிடும். பிறகு பாதையை மாற்றுவது பெரும்பாலும் இயலாத செயல். 1870-களில் மாம்பலத்து ஏரிக்கரையில் அளவுக்கயிறு பிடித்தவர்கள் வகுத்த வழியிலேயே இன்றும் ஒவ்வொரு நாளும் இலட்சக்கணக்கான மக்கள் சென்று வருகின்றனர்.

உஸ்கான் பாலம் கட்டியபோது ஆற்றின் இரு கரைகளையும் எண்ணிக் கட்டினார். அவருக்குப்பின் வந்தவர்கள் சாலையின் இரு முனைகளை எண்ணினார்கள்; இரு ஓரங்களை மறந்தார்கள். இனி வகுக்கப்படும் பாதை முனைகளையும் ஓரங்களையும் சேர்த்து எண்ணுவதாக அமையவேண்டும். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு எத்தனை நிமிடத்தில் செல்லலாம் என்பது நல்ல கேள்வி. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிச் சிறுமி மேற்கிலிருந்து கிழக்குக்கு அச்சமின்றிக் கடந்து செல்ல முடியுமா என்பது அதனினும் நல்ல கேள்வி. இரண்டுக்கும் ஒருங்கே விடை தருவதே நகரமைப்பு என்னும் கலையின் பயன் ஆகும்.